நாலாவது அத்தியாயம்

இழந்து. அந்த ஒரு சொல்தான் சீனியம்மாளின் காதுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது, குளிக்கும்போது புகுந்த தண்ணீர் மாதிரி, தலையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் வெளியே வராமல். இப்போது தலையைச் சாய்க்கவும் முடியாது. தலை முழுக்க டை. மாடி வீட்டின் பின்பக்க வராண்டாவில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள், சாயம் போன நைட்டி, கழுத்தைச் சுற்றி இனிமேல் எதற்கும் உதவாத துண்டு, நெற்றி ஓரத்தில் கறை பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய். பாக்கெட்டோடு வந்த மெல்லிய கையுறை ஆரம்பத்திலேயே கிழிந்துவிட்டதில் விரல்கள் எல்லாம் கறுத்துப் போயிருந்தன. அரை மணி நேரம் விட்டு அலச வேண்டும் என்று பாக்கெட்டின் பின்னால் போட்டிருந்தது. சீனியம்மாள் ஆறாம் வகுப்போடு நின்றவள், ஆனால் பாக்கெட்டுகளின் பின்னால் இருப்பதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் படித்துவிடுவாள், படித்துவிட்டுப் பயப்படுவாள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். எரிச்சல் ஏற்பட்டால் உடனடியாகக் கழுவவும். பின் வீட்டு ரஹ்மத்தின் நாத்தனாருக்கு இதே டையில்தான் முகம் பூசணிக்காயாக வீங்கி, நிக்காஹ் வீட்டுக்கு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போனாளாம். வலது காதுக்குப் பின்னால் இப்போதே அரிக்கிறது. அது அரிப்பா, பயமா? சொரியவும் முடியாது. அடுப்பை அணைத்தோமா? அணைத்தோம். சிலிண்டரை மூடினோமா? அது தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் சொட்டும், சொட்டினால் தரையில் கறை, வீட்டுக்காரம்மா தரையைத்தான் முதலில் பார்ப்பாள். இழந்து. இழந்து என்றால் தொலைத்து என்றுதானே அர்த்தம்?

ஜன்னல் விளிம்பில் போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. டை கலப்பதற்கு முன்பே காலேஜ் பாப்பாவின் வாய்ஸ் மெசேஜை அவள் கேட்டுவிட்டாள், கேட்டுவிட்டுத்தான் பாக்கெட்டைப் பிரித்தாள், பிரிக்காமல் பதிலைச் சொல்லியிருக்கலாம், ஆனால் கைக்கு ஒரு வேலை இருந்தால் நல்லது என்று தோன்றியது. காலேஜ் பாப்பாவின் உண்மைப் பெயர் கீர்த்தனா. பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண். இண்டர்நெட் வந்த பிறகு குடும்பங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. இந்தத் தெருவுக்கு வந்து வீடு வீடாகக் கேள்வி கேட்டாள், மற்றவர்கள் வாசலோடு அனுப்பியபோது சீனியம்மாள்தான் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். அன்றைக்கே நம்பரை வாங்கி ‘காலேஜ் பாப்பா’ என்று போனில் போட்டுக்கொண்டாள், பாப்பாவும் அவள் நம்பரைப் போட்டுக்கொண்டாள். ‘அக்கா, இன்னைக்குத்தான் செமினார்ல என் பேப்பர்’ என்றது மெசேஜ், மூச்சு வாங்கிக்கொண்டு, ஏதோ படியேறுகிற சத்தத்தோடு. ‘பதினொரு மணிக்கு நான் பேசணும். நாலாவது அத்தியாயம் முழுக்க உங்க வீட்டை வச்சுத்தான் நிக்குது. பேரை மாத்திட்டேன், அதுல நீங்க செல்வி. நீங்க கேட்டீங்கன்னு அந்தப் பாராவைத் தமிழ்ல வாசிக்கிறேன், கேளுங்க. இணையத்தின் வருகைக்குப் பின் ஒரே வீட்டுக்குள் வாழும் கணவனும் மனைவியும் நேர்ப்பேச்சை முற்றிலும் இழந்து, ஸ்டேட்டஸ் படங்கள் வழியாக மட்டுமே தொடர்புகொள்ளும் நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளனர். அவ்வளவுதான்க்கா. சரின்னு மட்டும் ஒரு வார்த்தை அனுப்பிருங்க, கைடு கேக்குறாரு, உங்க சம்மதம் இல்லாம பேசக்கூடாதாம். மத்தியானம் கார் அனுப்புறேன். சாப்பாடு இருக்கு. மேடையில கூப்பிட்டு சால்வை போடுறாங்க.’ சால்வைக்காகத்தான் இந்த டை. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருந்தது. வாழ்நாளில் யாரும் அவளுக்குச் சால்வை போட்டதில்லை. குனியும்போது உச்சியில் வெள்ளை தெரியக்கூடாது.

தள்ளப்பட்டுள்ளனர். யார் தள்ளினது? அந்தச் சொல்லும் இப்போது சேர்ந்துகொண்டது. இழந்து, தள்ளப்பட்டு. கேட்கும்போது ஏதோ வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன ஆட்கள் மாதிரி இருந்தது. சேலையைப் பிடித்துக்கொண்டு கூரைமேல் நிற்கிற ஆட்கள், பேப்பரில் படம் வருமே, அந்த மாதிரி. அவளா? சீனியம்மாளா? அவளை யாராவது ஒரு இடத்திலிருந்து ஒரு இடத்துக்குத் தள்ளிவிட முடியுமா, ரேஷன் கடை வரிசையிலேயே முடியாது. ஆனால் அந்தப் பெண் பொய்யும் எழுதவில்லை. அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவளும் புருஷன் தவமணியும் பேசிக்கொள்வதில்லை, உண்மை. ஸ்டேட்டஸில் படம் வைத்துக்கொள்கிறார்கள், அதுவும் உண்மை. எல்லாம் உண்மையாக இருந்தும் அந்தப் பாராவுக்குள் போய் நின்று பார்த்தால் அது அவள் வீடாகவே இல்லை. அவள் வீட்டை அப்படியே தூக்கித் தலைகீழாக வைத்தது போல, மின்விசிறி தரையில், அடுப்பு கூரையில். இதை எப்படி அந்தப் பிள்ளையிடம் சொல்வது? அது படித்த பிள்ளை. படிப்பென்றால் கொஞ்சநஞ்சப் படிப்பு இல்லை, கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்து, தலைவலித் தைலம் வாசனையோடு வந்து உட்காரும், சோற்றைப் பிசைந்துகொண்டே, ‘கைடு திட்டிட்டே இருக்காருக்கா, ஃபீல்டுல ஒண்ணுமே இல்லையாம்’ என்று அழும். பிறகு ஒரு நாள், ‘உங்களாலதான்க்கா நாலாவது அத்தியாயம் எழுந்து நின்னுச்சு’ என்று கையைப் பிடித்துக்கொண்டது. இப்போது இவள் சரி சொல்லாவிட்டால் அது படுத்துவிடுமா? அந்தப் பிள்ளையின் படிப்பும் படுத்துவிடுமா? நாலு வருஷமாகப் படிக்கிறது, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று வேறு சொன்னது. சரி என்று சொன்னால் என்ன, வாய் தேய்ந்தா போகும்? பேரைக்கூட மாற்றிவிட்டாள். செல்வி. செல்விக்கு என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும். ஆனால் சால்வை சீனியம்மாளுக்குத்தானே போடுவார்கள்? மேடையில் ஏற்றிவிட்டால் செல்வி யார் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்துபோகாதா? பேப்பர்க்காரர்கள் வருவார்கள். அவர் ஓட்டுகிற ஸ்கூல் வேனில் வருகிற டீச்சரம்மாக்களில் ஒருத்தியின் புருஷன் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் வேலை பார்க்கிறானாம். ‘என்ன தவமணி அண்ணே, வீட்டுக்காரம்மாவோட பேச்சை இழந்துட்டீங்களாமே?’ அந்த மனுஷன் காது மடல் சிவக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்ப்பார். அதோடு முடிந்தது. அன்று முதல் ஸ்டேட்டஸ் வைக்க மாட்டார். அதுவும் போய்விட்டால் வீட்டுக்குள் டம்ளர் வைக்கிற சத்தம் மட்டும்தான், முன்னே இருந்தது போல.

முன்னே இருந்தது போல. அந்த முன்னே பாப்பாவுக்குத் தெரியாது. தெரியாதது பாப்பாவின் தப்பில்லை. இவளாவது சொன்னாளா? ‘ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசிக்குவீங்கக்கா?’ என்று கேட்டபோது, ‘பேச என்ன பாப்பா இருக்கு, அதான் போன் வந்துருச்சுல்ல’ என்றாள். அது சிரிப்புக்குச் சொன்னது. சொல்லிவிட்டு இவளும் சிரித்தாள், பாப்பாவும் சிரித்தது, சிரித்துக்கொண்டே எழுதியது. ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குச் சிரிப்புக்குச் சொன்னது எது, வயிறெரிந்து சொன்னது எது என்று என்ன தெரியும்? அப்புறம் அந்த ஸ்டேட்டஸ். அதைப் பாப்பா பார்ப்பாள் என்று சீனியம்மாள் நினைக்கவே இல்லை. ஸ்டேட்டஸ் என்றால் வாசல் கதவில் சாக்பீஸால் எழுதி வைப்பது மாதிரி என்றுதான் அவள் எண்ணம், இந்த வீட்டுக்கு வருகிறவர் படிப்பார், தெருவில் போகிறவர் ஏன் படிக்கப்போகிறார். யார் யாருக்குக் காட்டும் என்று மகள் வினோதினி சொல்லித்தான் கொடுத்தாள், ‘ரெண்டு பேரும் நம்பரைப் போட்டு வச்சிருந்தா தெரியும்மா’ என்று, அது அப்போது மண்டையில் ஏறவில்லை. ஒரு நாள் அவள் வைத்த பாகற்காய்ப் படத்துக்குக் கீழே பார்த்தவர்கள் யாரென்று தொட்டால் வழக்கம்போல ‘வேன்’ இருந்தது. அவர் பெயரை மகள் அப்படித்தான் போட்டுக் கொடுத்திருந்தாள். அதற்குக் கீழே ‘காலேஜ் பாப்பா’. அடுத்த நாளும் வேன், காலேஜ் பாப்பா. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, அட, இந்தப் பிள்ளைக்கு நம் மேல் எவ்வளவு பாசம், நாம் என்ன சமைக்கிறோம் என்றுகூடப் பார்க்கிறதே என்று. ஜன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்க்கிறவளுக்கு மோரும் கொடுத்திருக்கிறாள்.

‘ஏன்க்கா, தலையில காக்கா கூடு கட்டிருச்சா?’ எதிர் மாடியிலிருந்து ரஹ்மத் கத்தினாள், கொடியில் போர்வையை உதறிக்கொண்டே. இரண்டு வீட்டுப் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சந்துதான், கையை நீட்டினால் கறிவேப்பிலை வாங்கிக்கொள்ளலாம். ‘உனக்கென்னடி, முக்காட்டைப் போட்டுக்கிட்டா நரையும் தெரியாது ஒண்ணும் தெரியாது’ என்றாள் சீனியம்மாள். ‘அண்ணன் பாத்தா பயந்துருவாரு, யாரோ புதுசா ஒரு பொம்பள வந்துருக்கான்னு.’ ‘புதுசா வந்தாலாவது பேசுறாரான்னு பாப்போம்.’ ரஹ்மத் போர்வைக்குப் பின்னால் சிரித்தாள். ரஹ்மத்துக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும், தெரியாதது போல எல்லாரும் இருக்கிறார்கள், அதுதான் தெருவின் மரியாதை. ‘நெத்தியில வழியுதுக்கா, தொடைங்க.’ துண்டின் நுனியால் ஒற்றினாள், நுனியிலும் டை இருந்திருக்க வேண்டும், புருவத்துக்கு மேல் சில்லென்று ஒரு கோடு இறங்கியது. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். இடது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒற்றைக் கண்ணோடு பார்க்கும்போது போன் தள்ளிப் போய்விட்டது போல் இருந்தது. அதில் வெளிச்சம் வந்து அணைந்தது. பாப்பாவாகத்தான் இருக்கும். சரியா அக்கா, சரியா அக்கா.

எல்லாருக்கும் அவளிடமிருந்து அந்த ஒரு சொல்தான் வேண்டும். எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து கடைசியில் கேட்பார்கள். ஆறாம் வகுப்பில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தூளியில் புதுத் தம்பி கிடந்தான், ‘நாளையிலிருந்து நீதான் பாத்துக்கணும், சரியா?’ என்றாள் அம்மா, இவள் சரி என்றாள், சரி என்று சொன்ன பிறகுதான் பையும் சிலேட்டும் பரணுக்குப் போனது தெரிந்தது. அவள் கல்யாணமும் அப்படித்தான். ஆனால் வினோதினி கல்யாணத்தில் மட்டும் அவள் சரி சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் முதுகு தானாக நிமிர்கிறது. அவரும் அவர் அண்ணன்மார் இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசி, தேதி வரைக்கும் முடிவு பண்ணிவிட்டு வந்தார்கள். கையில் வெங்காய பஜ்ஜிப் பொட்டலம். பெரியவர்தான் கேட்டார், ‘தம்பி, சீனிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவமா?’ என்று, அவர் கேட்டிருக்கவே வேண்டாம். தவமணி பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே சொன்னார், ‘அவகிட்ட என்னத்தக் கேக்குறது?’ கோபமாகச் சொல்லவில்லை. வெறுப்பாகவும் சொல்லவில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் வெள்ளி என்று சொல்வது போலச் சொன்னார். சமையலறை நிலைப்படியில் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள் சீனியம்மாள். தட்டை வைத்தாள். அன்றைக்கு மூடிய வாய்தான். அடுத்த நாள் அவர் வழக்கம்போல, ‘சீனி, சட்டையைத் தேச்சு வச்சியா?’ என்றார். பதில் வரவில்லை. சில நாள் கழித்து, ‘என்ன, வாயில கொழுக்கட்டையா?’ என்றார். அப்புறம் அதட்டினார், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கெஞ்சுவது மாதிரியும் இருந்தது, அப்புறம் அவரும் விட்டுவிட்டார். கேட்க என்ன இருக்கிறது என்றவர்தானே, கேட்காமலே இருக்கட்டும்.

இதில் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால் மாப்பிள்ளை தங்கம். ஒரு குற்றம் சொல்ல முடியாது. குடிகாரனாக இருந்திருந்தால், ஒரு கெட்ட வார்த்தை பேசுகிறவனாக இருந்திருந்தால், ‘பாத்தியா, என்னைய ஒரு வார்த்தை கேட்டியா’ என்று கொட்டித் தீர்த்துவிட்டு மறுநாள் பேசத் தொடங்கியிருக்கலாம். சே, என்ன நினைப்பு இது, பெற்ற தாய் நினைக்கிற நினைப்பா, பிள்ளை நன்றாக இருக்கட்டும் முருகா, நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். அவன் வினோதினியைக் கேட்காமல் ஒரு தலையணை உறைகூட வாங்குவதில்லை. பாத்திரம் கழுவுகிறான். அதனால் சீனியம்மாளின் கோபத்துக்கு நிற்கக் கால் இல்லாமல் போய்விட்டது. காலில்லாவிட்டால் என்ன? கோபம் நிற்கிறது. நல்லபடியாக முடிந்துவிட்டதால் கேட்க வேண்டாம் என்று ஆகிவிடுமா? கேட்டிருந்தால் அவளும் இதே மாப்பிள்ளைக்குத்தான் தலையாட்டியிருப்பாள். அதற்காக?

தலை தீபாவளிக்கு வந்தபோது அந்த மாப்பிள்ளைதான் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு போன் வாங்கிக்கொண்டு வந்தான். அதற்கு முன்னால் இருந்த மாதங்களைச் சீனியம்மாள் மறந்துவிடவில்லை. டிவி ஓடும். அவர் சாப்பிட்டுவிட்டு வந்தாரா, இரவு வருவாரா, ஒன்றும் தெரியாமல் உலையில் அரிசி போடுவாள், மிஞ்சிப்போகும், அல்லது பத்தாமல் போகும். போன் வந்த பிறகு ஒரு நாள் அவர் ஸ்டேட்டஸில் பஞ்சரான வேன் டயரின் படம் வந்தது. யாருக்கோ அனுப்பப் போய் அதில் விழுந்துவிட்டதா, வேண்டுமென்றே வைத்தாரா, இன்று வரை தெரியாது. அவள் அன்றைக்குச் சோற்றைத் தள்ளி வைத்தாள், அவர் தாமதமாக வந்தபோது சூடாக இருந்தது. அவர் தட்டைப் பார்த்தார். மறுநாள் அவள் காலி எண்ணெய்த் தூக்கைப் படம் பிடித்து வைத்தாள், மாலையில் எண்ணெய் வந்தது. அப்படித்தான் ஆரம்பம். செவ்வாய்க்கிழமை முருகன் படம் வந்தால் ராத்திரிக்குப் பலகாரம் போதும். ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வந்தால் ஒன்றும் விசேஷமில்லை. சர்க்கரை நோய்க்கு வெந்தயம் என்று ஒரு நீளமான வீடியோ வந்தால், போய்ச் சோதனை பண்ணிக்கொள் என்று அர்த்தம். அவளுக்குக் காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோது, அடுப்பில் கசாயம் கொதிக்கிற வீடியோ வைத்தார், அடுத்த அறையிலிருந்து, சமையலறையில் நின்றுகொண்டு. படுத்தபடி அதைப் பார்த்துவிட்டு அழுதாள். பிறகு டம்ளர் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தது. இதையா இழந்து என்கிறது அந்தப் பிள்ளை? இந்தப் போன் மட்டும் இல்லாவிட்டால் அந்த மனுஷன் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட மூக்குக் கண்ணாடி எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும்.

கண் எரிந்தது. மூடியிருந்தும் எரிந்தது. எங்கோ உள்ளே போய்விட்டது. சீனியம்மாள் எழுந்தாள், தடுமாறிக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். குழாய் இருமியது. காற்றுதான் வந்தது, கடைசியில் ஒரு சொட்டு, அதுவும் நின்றுவிட்டது. மேல் டேங்க் காலி. வாளியைக் கவிழ்த்து நாற்காலி ஆக்கிக்கொண்டவள் அவள்தான், அதில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கக் கூடாதா, டை அடிக்கிறவள் முதலில் தண்ணீரைத்தானே பார்க்க வேண்டும், புத்தி இருக்கிறதா. குடத்தில் குடிதண்ணீர் இருந்தது, அதைத் தொட்டால் குடமெல்லாம் கறுப்பு. மோட்டார் சுவிட்ச் கீழே, மாடிப்படி அடியில். இந்தக் கோலத்தில் இறங்கினால் வீட்டுக்காரம்மா, தெரு, போகிற வருகிற ஆட்கள். கண் போய்விடும். ஒரு கண் போனவளுக்குச் சால்வை போடுவார்கள். அப்போதுதான் கீழே வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, பிள்ளைகளை இறக்கிவிட்டு அவர் திரும்புகிற நேரம், அந்தக் கதவை ஒரு தரம் சாத்தினால் மூடாது, இரண்டாம் தரம்தான் மூடும். ரஹ்மத்தும் கேட்டிருக்கிறாள், வராண்டாவில் இவள் தலை தெரிந்ததும் கத்தினாள். ‘அக்கா, தண்ணி இல்லையா? அண்ணன் வந்துட்டாரு. நான் வேணா கூப்பிட்டு மோட்டாரைப் போடச் சொல்லட்டா?’ ‘வேணாம்.’ ‘கண்ணு செவந்துருச்சுக்கா! ஒரு குரல் குடுத்தா என்ன, குறைஞ்சா போயிருவீங்க?’ ‘எங்க வீட்டு ஆளை எனக்குக் கூப்பிடத் தெரியும். நீ போர்வையைக் காயப்போடு.’

ஒரு குரல். ஏங்க, மோட்டாரைப் போடுங்க. அவ்வளவுதான். தொண்டை வரைக்கும் வந்தது. வந்த இடத்திலேயே அதைப் பிடித்து நிறுத்தியது எது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இப்போது கூப்பிட்டுவிட்டால் பாப்பாவின் பாரா அந்த நிமிஷமே பொய்யாகிவிடும், இதோ பார், பேசுகிறார்கள் என்று. அதற்காகப் பேச வேண்டுமா? ஒரு பாராவைப் பொய்யாக்குவதற்கு? பாராவுக்காகப் பேசுவது, பாராவுக்காகச் சரி சொல்வது, இரண்டும் ஒன்றுதானே. பேசவேண்டிய அன்றைக்குப் பேசுவேன். கண்ணுக்காகவும் பேச மாட்டேன். ஜன்னல் விளிம்பிலிருந்து போனை எடுத்தாள், நைட்டியின் பக்கவாட்டில் கட்டை விரலைத் தேய்த்தாள், போன் அதை விரல் என்று ஒத்துக்கொள்ளவில்லை, சுண்டு விரலின் மூட்டால் தட்டித் தட்டிக் காமிராவைத் திறந்து, குளியலறைக் கதவோரம் நின்று, வாய் பிளந்து நின்ற குழாயைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்தாள். படத்தின் ஓரத்தில் அவளுடைய கறுத்த விரல்களும் விழுந்திருந்தன. விழட்டும். கீழே சத்தமில்லை. படியேறுகிற செருப்புச் சத்தமும் இல்லை. போனைப் பார்க்கிறாரோ, சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறாரோ, வண்டியைத் துடைக்கத் தொடங்கிவிட்டாரோ. பார்த்தவர்கள் என்ற இடத்தைத் தட்டினாள். ‘வேன்’ இல்லை. ‘காலேஜ் பாப்பா’ இருந்தது. முதல் ஆளாக. மேடையேறப் போகிற அவசரத்திலும், வறண்ட குழாயைப் பார்த்திருக்கிறாள்.

அதைப் பார்த்ததும்தான் சுருக்கென்று வந்தது. மைக் படத்தின் மேல் சுண்டு விரலை அழுத்திக்கொண்டாள்.

‘பாப்பா, நான்தான். சரி சொல்ல மாட்டேன். கோவிச்சுக்காத. நாங்க ஒண்ணும் பேச்சை இழக்கல. இழக்குறதுக்கு அது என்ன, பஸ்ஸுல விட்ட குடையா? நான் பேசாம இருக்கேன். நானா இருக்கேன். என் மக கல்யாணத்தை டீக்கடையில பேசி முடிச்சுட்டு வந்து, அவகிட்ட என்னத்தக் கேக்குறதுன்னு சொன்னாரு இந்த மனுசன். அன்னைக்கு மூடுன வாய். அன்னைக்கு இந்த வீட்டுல போனே கெடையாது, கேட்டுக்க.’ ரஹ்மத் போர்வையைப் பிடித்தபடி அப்படியே நிற்பது ஒற்றைக் கண்ணில் தெரிந்தது. ஜன்னல் திறந்திருந்தது. மாடிப்படிக்கு மேல் இருக்கிற ஜன்னல். கீழே வண்டி துடைக்கிற ஆளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். சீனியம்மாளின் குரல் ஒரு கணம் தயங்கியது. இத்தனை வருஷமாக அந்தக் காதுக்கு இவள் கொடுக்காத குரல். அப்புறம் அது இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. ‘வீம்பு பண்ணுறது நானு, பேரு போனுக்கா? என் வீம்பைத் தூக்கிப் போனுக்குக் குடுத்துறாத, நான் விட மாட்டேன். அது பாவம், இந்த மனுசன் சாப்பிட்டாரா இல்லையான்னு எனக்குச் சொல்லுறதே அதுதான். என்னைய யாரும் எங்கயும் தள்ளல. இன்னொண்ணு பாப்பா. எழுதுறதுக்கு முன்னாடி கேக்கணும். எழுதி முடிச்சுட்டு வந்து சரியா அக்கான்னா, அதுக்குப் பேரு கேக்குறதா? நீயும் அந்த டீக்கடை ஆளுகளாட்டமே பண்ணிட்டியே. நாலாவதை எடுத்துட்டு மூணாவதைப் பேசு. இல்ல, அந்த அக்கா மாட்டேன்னு சொல்லிருச்சுன்னு சொல்லு, அதையும் எழுது. காரை அனுப்புனா வர்றேன். அனுப்பாட்டிப் போ. வந்தா முன்னால உக்காருவேன், சீனியம்மாளாத்தான் உக்காருவேன். யாராச்சும் கேட்டா, கேக்குறதுக்குப் பதில் சொல்லுறேன். நல்லாப் பேசு. தலைவலித் தைலத்தை மறக்காம எடுத்துக்க.’

விரலை எடுத்தாள். போய்விட்டது. போனில் கறுப்பு ரேகை. ஐயோ, தைலத்தை ஏன் சொன்னோம், பாதிக் கோபம் அதிலேயே போயிருக்குமே, அந்தப் பிள்ளை அழுமோ, அழுதுகொண்டே மேடையேறுமோ, கைடு திட்டுவாரோ, திட்டட்டும், இல்லை திட்டக்கூடாது. மெசேஜின் ஓரத்து மைக் நீலமானது. கேட்டுவிட்டாள். கீழே துணியை வாளியில் முக்கிப் பிழிகிற சத்தம் நின்றுபோயிருந்தது. பிறகு மாடிப்படி அடியில் டக்கென்றது. மோட்டார் உறுமத் தொடங்கியது. டேங்குக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் தலைக்கு மேலே கேட்டது. சீனியம்மாள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் இருமி, துப்பி, பழுப்பாக வந்து, வெளுத்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்தாள். எரிச்சல் இறங்கியது. இருட்டாக இருந்த இடத்தில் முதலில் வெளிச்சம், பிறகு சோப்புப் பெட்டி, பிறகு தன் கை. கண் இருக்கிறது. தலையைக் குழாய்க்கு அடியில் கொடுத்தாள். கறுப்பு தண்ணீரில் சுருண்டு சுருண்டு ஓடியது, சாக்கடை ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு இறங்கியது.

செருப்புச் சத்தம் படியேறி வந்தது. செருப்பைக் கழற்றுகிற சத்தம். வெறுங்கால் நடந்து வந்து குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றது. கதவின் அடியில் இரண்டு பாதங்களின் நிழல் விழுந்தது. நின்றுகொண்டே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது. ‘சீனி’ என்றார் தவமணி. நெடுநாள் பூட்டிக் கிடந்த பூட்டில் சாவியைத் திருகினது போல இருந்தது குரல். ‘கண்ணுல பட்டுருச்சா?’ தண்ணீர் காதில் இறங்கி, இவ்வளவு நேரம் அங்கே அடைத்துக்கொண்டிருந்ததையும் இழுத்துக்கொண்டு போனது. அவள் நிமிரவில்லை. குழாயை இன்னும் ஒரு சுற்றுத் திறந்துவிட்டாள், தண்ணீர் தடதடவென்று விழுந்தது. ‘டாக்டர்கிட்டப் போவமா? உன்னத்தான் கேக்குறேன்.’ நிழல் நகரவில்லை. சீனியம்மாள் முடியைப் பிரித்துப் பிரித்து அலசினாள், அவசரமே இல்லாமல், காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில். கேட்கட்டும். இன்னும் கொஞ்சம் கேட்கட்டும்.